குதிரைக் கண்ணில் விழுந்த பூ

புத்தூரில வளர்ந்த எனக்கு குதிரை எண்டா கோயில் குதிரைதான். வேட்டைத் திருவிழா அண்டு சுவாமி ஏறி வாற மரக்குதிரை. மற்ற நாளெல்லாம் வாகனசாலைக்குள்ள துணி போர்த்து நிக்கும். பெரிய வெள்ளை முழி, நடுவில கறுப்பு வட்டம். சின்னனில அந்தக் கண்ணைப் பாக்கப் பயந்து அம்மம்மாவின்ர சீலைக்குள்ள ஒளிச்சிருக்கிறன்.

உயிருள்ள குதிரையின் கண்ணை நான் கிட்டத்தில பாத்தது ஒரு வட்ஸ்அப் படத்தில. நெடுந்தீவில படிப்பிக்கிற நண்பன் ஒருவன் அனுப்பியிருந்தான். அங்க வெளியில மேயிற மட்டக் குதிரைகளில ஒண்டு, மண்ணிறப் பெட்டை. இடது கண் முழுக்க நீலம் கலந்த வெள்ளை. கன்னத்தில கண்ணீர் ஓடின கோடு, அதில இலையான் மொய்ச்சுக்கொண்டு கிடக்கு. கீழ ஒரு வரி: “மச்சான், இதுக்கு என்ன செய்யலாம்? ஆரையும் கேட்டுச் சொல்லு.”

எனக்குக் கேக்க இருந்த ஆள் அம்மம்மா. அவ படத்தைப் பாத்த உடன சொன்னா: “கண்ணில பூ விழுந்திட்டுது. வெத்திலையும் உப்பும் சப்பித் துப்பினா எடுபடும். மாட்டுக்கு அப்பிடித்தான் செய்யிறது.” சொல்லிப்போட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, “ஆனா எங்கட சிவப்பிக்கு அப்பிடிச் செய்து கண் அவிஞ்சு போச்சு” எண்டா. பக்கத்து வீட்டு அண்ணை, தனக்குக் கண் சிவந்தபோது தந்த சொட்டு மருந்து பாதி மிச்சம் இருக்கு, அதைக் குடுத்துவிடவோ எண்டு கேட்டார். போத்தலைப் பாத்தன். ஸ்டீரொய்ட் கலந்த மருந்து.

அந்த ஒரு பின்னேரத்தில மூண்டு வைத்தியம் கைக்கு வந்திட்டுது. ஒண்டும் குடுக்கேல்லை. ஏன் குடுக்கக் கூடாது எண்டு தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. தேடினது கண்ணைப் பற்றி. கிடைச்சது எங்கட கடலால குதிரை வந்த கதையும், குதிரை வந்த கப்பலில வைத்தியன் வராமல் போன கதையும்.

நயினாதீவுக் கல்லில் குதிரை

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போறவர்கள் எத்தனை பேர் அங்கயுள்ள கல்வெட்டைப் பாத்திருப்பினமோ தெரியாது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு அது. பொலனறுவையில் இருந்து ஆண்ட அரசன், இந்தக் கடற்கரையில் தமிழில் ஆணை எழுதி வைத்திருக்கிறான். ஊராத்துறைக்கு, அதாவது இண்டைக்கு ஊர்காவற்றுறை எண்டு நாங்கள் சொல்லுற துறைக்கு, வாற பிறதேச வணிகர்களைப் பாதுகாக்க வேணும் எண்டு அது சொல்கிறது. பிறகு உடைந்த கப்பல்களைப் பற்றிய விதி. யானையும் குதிரையும் கொண்டுவாற கப்பல் உடைஞ்சால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூண்டு பங்கு உடையவனுக்கு. வேற சரக்குக் கொண்டுவாற கப்பல் உடைஞ்சால் பாதிக்குப் பாதி.

இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நிண்டு யோசிக்க வேணும். துணியோ பாத்திரமோ ஏற்றி வந்தவன் அரைவாசியை இழப்பான். குதிரை ஏற்றி வந்தவன் கால்வாசியை மட்டும்தான் இழப்பான். குதிரை வணிகன் இந்தப் பக்கம் வாறதை நிறுத்திவிடக் கூடாது எண்ட கவலை அந்தக் கணக்குக்குள்ள கிடக்கு. யானை இந்தத் தீவிலேயே பிறக்கும். நல்ல போர்க்குதிரை பிறக்காது. அது கடல் தாண்டித்தான் வரவேணும்.

கப்பல் உடைஞ்சால் என்ன செய்வது எண்டு கல்லில் எழுதி வைத்தார்கள். கரை சேர்ந்த குதிரைக்கு நோய் வந்தால் என்ன செய்வது எண்ட கேள்விக்கு அக்கரைக்குப் போகவேணும்.

காயலில் வைத்தியனுக்குத் தடை

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டி நாட்டுக் கரையைப் பார்த்த மார்க்கோ போலோ குதிரை வணிகத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறார். ஓர்முசு, கீசு, தோபார், ஏடன் பக்கத்து வணிகர்கள் குதிரைகளைக் கொண்டுவந்து விற்பார்கள். அரசன் வருடத்துக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குவான், அவனுடைய சகோதரர்களும் அதே அளவு வாங்குவார்கள். ஆனால் வருட முடிவில் 100 குதிரைகூட மிஞ்சாது. காரணம், குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்களோ குதிரை வைத்தியரோ அங்கே இல்லை. வணிகர்கள் தங்களோடு வைத்தியரைக் கூட்டிவருவதில்லை, வேறு ஆரும் அங்கே போவதையும் விடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம்.

இதை வாசிச்சபோது எனக்கு எங்கட வீட்டில சொல்லுற 90களின் கதைகள்தான் ஞாபகம் வந்தது. பொருளாதாரத் தடை, பாதை மூடல், மருந்துக்குத் தட்டுப்பாடு. மருந்தும் வைத்தியரும் வரவிடாமல் தடுத்தால் என்ன நடக்கும் எண்டு குடாநாட்டு ஆக்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆனால் மார்க்கோ போலோவை அப்பிடியே விழுங்கவும் கூடாது. அவர் வணிகர்களோடு பழகிய மனிதர், துறைமுகத்தில் கேட்டதைச் சொல்கிறார். அடுத்த தலைமுறையில் பாரசீகத்தில் எழுதிய வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இதே வணிகத்தை இன்னொரு கோணத்தில் பார்க்கிறார். வருடத்துக்கு 10,000 குதிரை, ஒண்டுக்கு 220 பொன் தினார் எண்டு கணக்குச் சொல்கிறார். வழியில் செத்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டதாம். வந்த குதிரைகளை 40 நாள் லாயத்தில் கயிறும் முளையும் போட்டுக் கட்டி, கொழுக்க வைத்து, பிறகு பழக்காமலே போர்வீரர்கள் ஏறி ஓட்டுவார்கள். கொஞ்ச நாளில் அந்த நல்ல குதிரைகள் ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும் எண்டு எழுதுகிறார். வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் தீனியாம். மார்க்கோ போலோவோ வேகவைத்த சோறும் இறைச்சியும் எண்டு சொல்கிறார்.

ரெண்டு சாட்சியையும் பக்கத்தில் வைத்தால் படம் கொஞ்சம் தெளியும். ஒருவர் வைத்தியன் இல்லை எண்கிறார், மற்றவர் வளர்க்கும் முறையே பிழை எண்கிறார். புல்வெளியில் மேய்ந்து நடந்து திரிய வேண்டிய பிராணியை இருட்டு லாயத்தில் சிறுநீர் நெடிக்குள்ளயும் வைக்கோல் தூசிக்குள்ளயும் மாதக் கணக்கில் கட்டி வைத்தால், சுவாசமும் குளம்பும் வயிறும் கண்ணும் ஒவ்வொன்றாகக் கெடும். அதுக்குப் பிறகு வாற வைத்தியன் எவ்வளவு கெட்டிக்காரனாய் இருந்தாலும் பாதி வேலைதான் செய்யலாம்.

இன்னொரு விசயம். இந்தியத் துணைக்கண்டத்தில் குதிரை வைத்திய அறிவே இல்லை எண்டு சொல்ல ஏலாது. சாலிஹோத்திரர் பெயரில் வழங்கும் நூல் மரபு மிகப் பழையது. ஜயதத்தரின் அசுவ வைத்தியகம், நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் எண்டு நூல்கள் இருக்கு. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் படங்களோடு கூடிய அசுவ சாஸ்திரச் சுவடி இருந்து அச்சிலும் வந்திருக்கு. வட இந்தியாவில் குதிரை வைத்தியனைச் ‘சலோத்திரி’ எண்டு சொல்லுற வழக்கே சாலிஹோத்திரர் பெயரிலிருந்து வந்ததுதான். விற்க வந்த அரபு, பாரசீக உலகத்திலும் ‘பைத்தார்’ எண்ட குதிரை வைத்தியர்கள் மதிப்போடு இருந்தார்கள், பெரிய நூல்கள் எழுதினார்கள். ஆக, கடலின் ரெண்டு கரையிலும் அறிவு இருந்தது. குதிரை நிண்ட லாயத்துக்கு அந்த அறிவு போய்ச் சேரவில்லை. சுவடி அரண்மனையில், குதிரைக்காரன் லாயத்தில், ரெண்டுக்கும் நடுவில் பெரிய தூரம்.

விசயநகரக் காலத்தில் இந்த வணிகத்தின் உச்சம். போர்த்துக்கேயரான நூனிசு ஒரு செய்தி எழுதியிருக்கிறார். சாளுவ நரசிம்மன் குதிரையை உயிரோடு வந்தாலும் செத்து வந்தாலும் வாங்கினானாம், ஆயிரம் பர்தாவுக்கு மூண்டு. கடலில் செத்த குதிரைக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் காசு. வாலுக்குக் காசு கிடைக்கிற சந்தையில், கண் கலங்கின குதிரையைக் காப்பாற்ற ஆர் மினக்கெடுவான்?

நெடுந்தீவு

எங்கட பக்கத்தில் குதிரை வளர்ப்பு எண்டால் அது தீவுப் பகுதிக் கதை. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கொமாண்டராக இருந்த சுவார்தகுரூன் 1697இல் எழுதி வைத்த அறிக்கையில் தீவுகளில் நடந்த குதிரை வளர்ப்புப் பற்றிப் பேசுகிறார். நெடுந்தீவுக்குத் தங்கட நாட்டு நகரத்தின் பெயரை வைத்து டெல்ஃப்ட் எண்டு கூப்பிட்டவர்களும் அவர்கள்தான். பிறகு பிரித்தானியர் வந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெப்டினன்ட் நோலன் எண்ட அதிகாரியின் பொறுப்பில் அரச குதிரைப் பண்ணை நடத்தினார்கள். இண்டைக்கும் நெடுந்தீவுக்குப் போனால் பவளக் கல்லால் கட்டின லாயத்தின் தூண்கள் வரிசையாய் நிக்கிறதைப் பாக்கலாம். குதிரைக்குத் தண்ணி இறைச்ச சாறாப்பிட்டிக் கிணறுகள் இருக்கு.

பண்ணை மூடப்பட்டது. அதிகாரிகள் போனார்கள். குதிரைகள் நிண்டன. ஆளில்லாத குதிரைகள் வெளியில் மேய்ந்து, தாமாகப் பெருகி, தலைமுறை தலைமுறையாய் உயரம் குறைந்து, இண்டைக்கு நாங்கள் மட்டக் குதிரை எண்டு சொல்லுற கூட்டமாய் ஆகிவிட்டன. 2015இல் அவை மேயிற நிலத்தில் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மழை பொய்க்கிற வருடங்களில் தண்ணி இல்லாமல் குதிரைகள் சாகிற செய்தி பத்திரிகையில் வரும். படம் போடுவார்கள், கவலைப்படுவோம், மழை பெய்தால் மறந்துவிடுவோம்.

லாயத்தைக் கட்டினவன் கல்லை விட்டுப் போனான், குதிரையை விட்டுப் போனான். வைத்தியத்தை விட்டுப் போகவில்லை. அதனால்தான் என்ர நண்பனின் கேள்வி புத்தூரில ஒரு வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்தது.

பூ எண்டால் என்ன

தமிழில் கண்ணில் வெள்ளை படர்வதைப் ‘பூ விழுதல்’ எண்டு சொல்லுறது அழகான வழக்கு. ஆனால் அந்த அழகுதான் ஆபத்தும். பூ எண்டு ஒரே சொல்லால் நாங்கள் சொல்லுறது குறைந்தது மூண்டு வேறு வேறு சங்கதிகள்.

முதலாவது, கருவிழியின் மேல் தோல் கிழிந்த புண். குதிரையின் கண் தரையில் வாழும் பாலூட்டிகளின் கண்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று. தலையின் பக்கவாட்டில் வெளியே தள்ளிக்கொண்டு இருக்கும். கிட்டத்தட்டச் சுற்றிவரப் பாக்கலாம், ஆனால் முள்ளும் புல்லும் மணலும் படுவதற்கும் அதே அளவு இடம். ஈச்சம் முள்ளோ காய்ந்த புல் நுனியோ கீறினால் போதும். கருவிழி ஒரு மில்லிமீற்றர் அளவு தடிப்புத்தான். கீறல் வழியாகப் பக்றீரியாவோ பங்கசோ உள்ளே போனால், கருவிழி மெழுகு போல உருகத் தொடங்கும். மோசமானால் ஒரு நாளுக்குள் துளை விழுந்து கண் போய்விடும்.

ரெண்டாவது, கண்ணுக்குள்ளே வாற அழற்சி. இது வந்து போய், வந்து போய்க் கடைசியில் கண்ணைக் குருடாக்கும். முந்தி ஐரோப்பியர் சந்திரன் தேய்ந்து வளருகிற கணக்கில் இது வருகுது எண்டு நம்பி ‘நிலாக் குருடு’ எண்டு பெயர் வைத்தார்கள். எலிக்காய்ச்சல் எண்டு நாங்கள் சொல்லுற நோயின் கிருமிக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கிறது பிறகுதான் தெரிய வந்தது.

மூண்டாவது, ஆறின புண்ணின் தழும்பு. இது நோவாது. இதுக்கு மருந்தும் தேவையில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் மூண்டும் ‘பூ’தான். ஆனால் ரெண்டாவதுக்குக் குடுக்கிற ஸ்டீரொய்ட் சொட்டு மருந்தை முதலாவதுக்கு விட்டால் புண் ஆறாது, கிருமிக்கு எதிராய் உடம்பு போடுற சண்டை நிண்டுபோகும், உருகுறது இன்னும் வேகமாகும். 1950இல் கோட்டிசோன் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு குடுத்தார்கள். அதிசய மருந்து எண்டு உலகமே கொண்டாடியது. கொஞ்சக் காலத்திலேயே கண் வைத்தியர்கள் அதன் மற்றப் பக்கத்தையும் கண்டார்கள். சிவப்புப் போகும், நோக் குறையும், சுகம் வந்ததுபோல இருக்கும், உள்ளே கண் அழியும். பக்கத்து வீட்டு அண்ணையின் அரைப் போத்தல் மருந்தை நான் வாங்காததுக்கு இதுதான் காரணம்.

அப்ப புண் இருக்கோ இல்லையோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? அதுக்கு விடை ஒரு சாயம். 1871இல் ஜெர்மன் வேதியியலாளர் அடொல்ப் ஃபொன் பேயர் புளோரசீன் எண்ட சாயத்தைச் செய்தார். 1880களில் கண் வைத்தியர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். கண்ணில் ஒரு சொட்டு விட்டுக் கழுவினால், தோல் முழுசாய் உள்ள இடத்தில் சாயம் ஒட்டாது. கிழிஞ்ச இடத்தில் ஒட்டி, நீல வெளிச்சத்தில் பச்சையாய் மினுங்கும். ஆயிரம் வருசம் எல்லாரும் பூ எண்டு சொன்னதைப் பிரிச்சுக் காட்டினது இந்தச் சாயம்தான். மனிசருக்கும் இதே சாயம், குதிரைக்கும் இதே சாயம்.

கண்ணுக்குள் பாம்பு

பூவாய்த் தோன்றுகிற இன்னொரு நோயின் கதையில் இலங்கைக்கும் இடம் இருக்கு.

1782இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் ‘கண்ணுக்குள் உயிருள்ள பாம்பு உள்ள குதிரை’ எண்டு விளம்பரம் போட்டு, காசு வாங்கிக் காட்டினார்கள். அதைப் போய்ப் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் ஹொப்கின்சன், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். ஏமாற்று எண்டு நினைத்துப் போனால், கண்ணுக்குள் வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு ஓயாமல் நெளிந்துகொண்டிருந்தது. அதை எழுதி ஒரு அறிவியல் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டார்.

இந்தியாவிலும் இலங்கையிலும் இந்தக் கண்புழு குதிரை வைத்தியர்களுக்குப் பழகின சங்கதி. புழு கண்ணுக்குள் இருக்கும் மட்டும் கலக்கம் போகாது. வெளியில் எத்தனை பச்சிலை பிழிந்தாலும் பயனில்லை. குதிரையைக் கிடத்தி, கருவிழியின் ஓரத்தில் கூரிய ஆயுதத்தால் ஒரு சின்னக் குத்து. உள்ளே உள்ள நீர் பாயும்போது புழுவும் சேர்ந்து வெளியே வரும். கை நடுங்கினால் கண் போச்சு.

இதோடு சேர்ந்து இன்னொரு நோயும் இருந்தது. இடுப்புக்குப் பின்னால் வலுவிழந்து குதிரை ஆடி ஆடி நடக்கும். இந்தியா, பர்மா, இலங்கை முழுக்க இதைக் ‘கும்ரி’ எண்டு கூப்பிட்டார்கள். இடுப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர். காரணம் தெரியாமல் ஈரக்காற்று, புல், நிலம் எண்டு பலதைக் குற்றம் சொன்னார்கள். 1952இலும் 1955இலும் பிரித்தானிய மிருக வைத்திய ஏட்டில் வந்த கட்டுரைகள் முடிச்சை அவிழ்த்தன. எழுதினவர்களில் இன்னெஸ் எண்ட ஆய்வாளரோடு இலங்கையைச் சேர்ந்த பெருமாள் பிள்ளையின் பெயரும் இருக்கு. இலங்கைக் குதிரைகளின் கும்ரி நோய், மூளையிலும் முள்ளந்தண்டிலும் திரிகிற புழுக்குஞ்சால் வாறது எண்டு அவர்கள் காட்டினார்கள்.

அந்தப் புழுவின் சொந்த வீடு மாட்டின் வயிற்றறை. மாட்டுக்கு அது பெரிதாய் ஒண்டும் செய்யாது. மாட்டைக் கடிச்ச நுளம்பு குதிரையைக் கடிக்கும்போது குஞ்சு குதிரைக்குள் போகும். புது உடம்பில் வழி தெரியாமல் அலையும். முள்ளந்தண்டுக்குள் போனால் கும்ரி, கண்ணுக்குள் போனால் ‘பாம்பு’. மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் லாயத்தைக் கட்டி, ரெண்டுக்கும் நடுவில் தண்ணி தேங்கவிட்டவன், தெரியாமலே கண்நோய்க்கு வழி வெட்டிக் குடுத்தவன்.

பெருமாள் பிள்ளை எண்ட பெயரை எங்கட பள்ளிக்கூடத்தில ஆரும் சொல்லித் தரேல்லை. மணிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த டொக்டர் கிறீனைத் தெரியும். 1847இல் வந்து 1873 வரைக்கும் இருந்து, மனிச உடம்பைப் பற்றிய பெரிய நூல்களைத் தமிழாக்கினார். மனிசருக்கு அப்பிடி ஒரு அச்சு நூல் வரிசை 19ஆம் நூற்றாண்டிலேயே எங்கட கையில் இருந்தது. ஆடுமாடு குதிரைக்கு எங்களிடம் இருந்தது மாட்டு வாகடமும் வாய்ச்சொல்லும்.

கைவைத்தியமும் கண்ணும்

கைவைத்தியம் எல்லாம் மூடத்தனம் எண்டு நான் சொல்ல வரேல்லை. ஊமத்தையை எடுங்கோ. அதுக்குள் இருக்கிற அத்திரோப்பின் எண்ட பொருளைத்தான் இண்டைக்கும் கண்மணியை விரிக்கவும், புண்ணால் வாற உள் நோவைக் குறைக்கவும் குதிரை வைத்தியர்கள் விடுகிறார்கள். ஆனால் அளவு தெரியவேணும். கூடினால் குதிரையின் குடல் ஓட்டம் மந்தமாகி வயிற்றுக்குத்து வந்து செத்தும் போகும். சாறு பிழிந்து விடுகிறவனுக்கு அந்த அளவு எப்பிடித் தெரியும்?

வெத்திலையும் உப்பும் சப்பித் துப்புறதில் என்ன நடக்குது? உப்பும் சுண்ணாம்பும் திறந்த புண்ணைப் பொசுக்கும். எச்சிலில் உள்ள கிருமி நேரே புண்ணுக்குள் போகும். சிலவேளை மாடு சுகப்படும். அது அந்தக் கீறல் தானாய் ஆறியிருக்கும், பேர் வெத்திலைக்குப் போகும். ஆறாமல் அவிஞ்ச கண்களின் கணக்கை ஆரும் வைச்சிருக்கிறதில்லை. அம்மம்மா சிவப்பியை நினைச்சு ஒரு நிமிசம் பேசாமல் இருந்தாவே, அதுதான் அந்தக் கணக்கு.

இது குதிரை மாட்டோடு நிக்கிற சங்கதி இல்லை. எங்கட பக்கத்தில் புகையிலைத் தோட்டத்திலயும் வெங்காயத் தறையிலயும் குனிஞ்சு வேலை செய்யேக்கை கண்ணில இலை கீறினவர்கள் எத்தனை பேர். வெப்பமான நாடுகளில் விவசாயிகளுக்கு வாற கருவிழிப் புண்ணில் பெரும் பங்கு பங்கசால் வாறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 323 நோயாளிகளை வைத்துச் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நட்டமைசின் சொட்டு மருந்து புதிய வொரிகொனசோலை விட நல்லாய் வேலை செய்தது தெரிய வந்தது. குதிரைக் கண்ணின் பங்கசுக்கும் நட்டமைசின் பாவிக்கிறார்கள். கிருமிக்கு மனிசக் கண், குதிரைக் கண் எண்ட பேதம் இல்லை.

செய்யக்கூடியது, செய்யக்கூடாதது

இதை வாசிக்கிற ஆரும் குதிரை வளர்ப்பீங்களோ தெரியாது. மாடு, ஆடு, நாய் வளர்ப்பீங்கள். அதனால் மிருக வைத்தியர் எங்களுக்குச் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன்.

கண்ணைப் பாதி மூடி வைத்திருப்பது, கண்ணீர் ஓடுவது, வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்புவது, நீலமாய்க் கலங்குவது, இவை வந்தால் அவசரம். குதிரையின் மேல் இமை மயிர் வழக்கமாய் முன்னுக்கு நீட்டி நிக்கும், அது கீழே சரிந்தால் கண் நோகுது எண்டு அர்த்தம். நாளைக்குப் பாப்பம் எண்டு விடக்கூடாது. நிழலில் விடலாம், இலையான் மொய்க்காமல் பாக்கலாம், தேய்க்கவிடாமல் பாக்கலாம். கண்ணுக்கு எண்டு விற்கிற சுத்தமான உப்புநீரால் ஊத்தையைக் கழுவலாம். உள்ளே முள் குத்தி நிண்டால் இழுக்கக் கூடாது. மனிசருக்குத் தந்த மிச்ச மருந்து, பச்சிலை, தாய்ப்பால், தேன், ஒண்டும் வேண்டாம். குதிரையின் நேர் பின்னாலயும் குருடான பக்கத்தாலயும் சொல்லாமல் கிட்டப் போகக் கூடாது. காணாத பக்கத்தால வாற கைக்கு அது உதைக்கும்.

வைத்தியர் சாயம் விட்டுப் பார்த்துத்தான் மருந்தைத் தீர்மானிப்பார். அன்ரிபயோற்றிக்கோ பங்கசு மருந்தோ, புண் மோசமானால் ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் விடவேண்டி வரும். கருவிழி உருகத் தொடங்கினால் அந்தக் குதிரையின் சொந்த இரத்தத்திலிருந்து தெளிந்த நீரை எடுத்துக் கண்ணில் விடுவார்கள். உருக்குகிற நொதியத்தை அது அடக்கும். நோவுள்ள கண்ணை ஒவ்வொரு முறையும் திறக்கக் குதிரை விடாது எண்டபடியால், மேல் இமைக்குள்ளால ஒரு மெல்லிய குழாயைப் போட்டுப் பிடரி மயிரோடு பின்னிக் கட்டிவிடுகிற முறையும் இருக்கு. தலையைத் தொடாமலே மருந்து கண்ணுக்குப் போகும். முந்தி நாலு பேர் குதிரையை விழுத்தி அமுக்கிப் பிடிச்ச இடத்தில் இப்ப ஒரு குழாய்.

வளர்ப்புக் குதிரைக்கு இதெல்லாம் சரி. வெளியில் திரிகிற நெடுந்தீவுக் குதிரைக்கு? ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஆர் பிடிப்பது? துரத்திப் பிடிக்கிறதிலயே இன்னும் காயப்படும். அனுமதியில்லாமல் பிடிக்கவும் கூடாது. அப்ப அதுக்குச் செய்யக்கூடிய பெரிய வைத்தியம் நோய்க்கு முந்தினது. வறட்சியில் தண்ணி, மேய்ச்சலில் கிடக்கிற முள்ளுக்கம்பியை அகற்றுவது, எத்தனை குதிரைக்கு எந்தக் கண் பழுது எண்டு ஆராவது ஒரு கொப்பியில் எழுதி வைப்பது.

பெட்டைக்கு என்ன நடந்தது

நண்பனிடம் ஒண்டும் விடாதே எண்டு சொன்னேன். அவன் முறைப்படி அறிவித்தான். மூண்டாம் நாள் ஆக்கள் வந்தார்கள். ஊர்ச் சனம் பவளக் கல் மதில் ரெண்டு சேருகிற மூலைக்குள் பெட்டையை மெல்ல ஓட்டிவிட்டார்கள். கத்தக்கூடாது எண்டு பெடியளுக்குக் கண்டிப்பு. மயக்க மருந்து போட்டு, சாயம் விட்டுப் பார்த்தார்கள். அரிசியளவில் பச்சை மினுங்கியது. பழைய புண், ஓரத்திலிருந்து ஆறத் தொடங்கியிருந்தது. இந்தக் கண்ணுக்கு ஸ்டீரொய்ட் விட்டிருந்தால் முடிஞ்சது எண்டு வைத்தியர் சொன்னாராம். கழுவி மருந்து விட்டார்கள், ஆறு நாள் அந்த மதிலுக்குள்ளேயே வைத்திருந்து காலையும் மாலையும் விட்டார்கள். பிறகு திறந்து விட்டார்கள்.

ரெண்டு மாதத்துக்குப் பிறகு இன்னொரு படம் வந்தது. கண்ணின் நடுவில் சின்னதாய் ஒரு வெள்ளைப் பொட்டு. கண்ணீர்க் கோடு இல்லை, இலையான் இல்லை, இமை மயிர் நேராய் நிக்குது. அம்மம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏத்தி வைத்து நல்லாய்ப் பாத்தா.

“பூ போகேல்லையே?”

“அது தழும்பு அம்மம்மா. நோவாது.”

“அப்ப சரி” எண்டா. கொஞ்சம் பொறுத்து, “அண்டைக்குச் சிவப்பிக்கும் ஆரும் இப்பிடிச் சொல்லியிருக்கலாம்” எண்டு சொல்லிப்போட்டுப் ஃபோனைத் திருப்பித் தந்தா.